பாறைப் பெட்டி வேண்டாம், லென்ஸ் மட்டும் வாங்குங்கள்

பாறைகளைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என்று இணையக் கடைகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். 24 கல் மாதிரிகள், ஒரு கை லென்ஸ், சின்னச் சுத்தியல், கீறிப் பார்க்கும் ஊசிகள், காந்தம், கண் கவசம், ஒரு கையேடு. நான் 185 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். பினாங்கில் பல மாதம் கூடவே வைத்துக்கொண்டு சுற்றிய பிறகு இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் கொடுத்த காசுக்குத் தகுந்தது லென்ஸ் ஒன்றுதான். அதே மாதிரி லென்ஸ் தனியாக 70 வெள்ளிக்குக் கிடைக்கிறது. மற்றதில் பெரும்பாலானது இந்த ஊரிலேயே சும்மா கிடைக்கிறது, அதுவும் பெட்டியில் இருப்பதைவிட நல்லதாக.

நான் யார் என்று சொன்னால்தான் இந்த மதிப்பீடு எங்கிருந்து வருகிறது என்று புரியும். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கல் குவாரி லோரி ஓட்டியவன் நான். முக்கால் அங்குலக் கல், கிரஷர் ரன், குவாரித் தூள் என்று டன் கணக்கில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பாலம் கடந்து தீவுக்குள் எத்தனையோ கட்டுமான இடங்களில் கொட்டியிருக்கிறேன். இந்தக் கல் என்ன கல், எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு உறுதி என்ற கேள்வி அப்போதிலிருந்தே இருந்தது. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மதியம் வரை நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்கக் கல்லுக்குத்தான்.

லென்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 10 மடங்கு பெரிதாக்கும், 21 மில்லிமீட்டர் அகலம், உலோக உறைக்குள் மடங்கும். உள்ளே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்திருப்பதால் டிரிப்லெட் என்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் பார்த்தால் பொருளின் ஓரத்தில் நீலமும் ஆரஞ்சும் கசியும், விளிம்புப் பக்கம் நேர்கோடு வளையும். கனிமத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலையில், லென்ஸே ஒரு நிறத்தைச் சேர்த்தால் என்ன ஆவது? டிரிப்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

"30 மடங்கு", "60 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டு, சின்ன விளக்கும் வைத்து, 15 வெள்ளிக்கு விற்கும் லென்ஸ்களைத் தொடாதீர்கள். கணக்கு எளிது. 250 மில்லிமீட்டரை மடங்கால் வகுத்தால் கல்லை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று வரும். 10 மடங்குக்கு 25 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் வெளிச்சம் உள்ளே நுழையும். உண்மையாகவே 30 மடங்கு என்றால் 8 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். மூக்கு கல்லில் இடிக்கும், தலையின் நிழல் விழும், பார்க்கும் வட்டமும் சுருங்கிப்போகும். வெளிக்கள வேலைக்குப் போகும் புவியியலாளர்கள் கழுத்தில் 10 மடங்கைத் தொங்கவிட்டுக்கொள்வது இதனால்தான்.

பிடிக்கும் முறையைக் கையேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் நான் சொல்கிறேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியோடு ஒட்டி. லென்ஸ் பிடித்த கையின் ஒரு விரலைக் கன்னத்தில் ஊன்றுங்கள். பிறகு கல்லை மற்ற கையால் லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள், தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னொரு கண்ணை மூட வேண்டாம், மூடினால் சீக்கிரம் களைத்துவிடும். வெயில் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். அவ்வளவுதான்.

இந்த லென்ஸை வைத்துப் பார்க்கப் பினாங்கைப் போன்ற இடம் அமைவது கஷ்டம். தீவு பெரும்பாலும் ஒரே பாறை, கிரானைட். பல வகைப் பாறை உள்ள ஊரில் ஆரம்பித்தால் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே காலம் போய்விடும். இங்கே ஒரே பாறையை நூறு இடத்தில் பார்க்கலாம், புதிதாக உடைந்தது, கடல் கழுவியது, மழை தின்றது, மண்ணாகிப்போனது என்று. ஒரு பாறையை முழுதாகத் தெரிந்துகொண்டால் அடுத்த பாறை சுலபம்.

கிரானைட்டில் உள்ள கனிமங்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். சாம்பல் நிறத்தில் கண்ணாடித்தனமாக, கற்கண்டு உடைந்தது போல ஒழுங்கில்லாமல் இருப்பது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாக, ஏடு ஏடாக, நகத்தால் நிமிண்டினால் பெயர்ந்து வருவது பயோட்டைட் என்ற கருப்பு மைக்கா. முதல் இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. கல்லை வெயிலில் மெதுவாகத் திருப்புங்கள். ஃபெல்ட்ஸ்பார் தட்டையான தளங்களாக உடையும். அதனால் ஒரு கோணத்தில் அந்தக் கனிம மணி முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். குவார்ட்ஸுக்கு அப்படி உடையும் தளம் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கங்கே மினுக்குமே தவிர, பலகையாக மின்னாது. லென்ஸ் இல்லாமல் இதைப் படித்தால் வெறும் வாக்கியம். லென்ஸோடு ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வெறுங்கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

பெட்டியில் வந்த கீறும் ஊசிகள் இங்கே பயன்படாமல் போவதும் இதனால்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) எஃகுக் கத்தி 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. பினாங்குக் கல்லின் இரண்டு முக்கியக் கனிமங்களும் எஃகுக்கு மேலே நிற்கின்றன. ஊசி கீறாது, ஊசியின் உலோகம்தான் கல்லில் கோடாகத் தேயும். அந்தக் கோட்டைப் பார்த்து "கீறிவிட்டது" என்று எண்ணிவிடக் கூடாது, விரலால் துடைத்துப் பாருங்கள். இரண்டையும் கீறிப் பிரிக்க வேண்டுமென்றால், கூர்மையாக உடைந்த குவார்ட்ஸ் துண்டு ஒன்றே போதும், அது ஃபெல்ட்ஸ்பாரைக் கீறும். கத்தி வீட்டில் இருக்கிறது. கனிமத்தின் தூள் நிறம் பார்க்கும் வெள்ளைத் தட்டு என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கம் அதே வேலையைச் செய்யும்.

சுத்தியலைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். தலை மென்மையான உலோகம். கிரானைட்டில் நாலு அடி அடித்ததுமே முனை சப்பிப்போனது. குவாரியில் வேலை பார்த்த யாரும் இதைக் கையில் எடுக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், இங்கே சுத்தியலே தேவையில்லை. தேசியப் பூங்காவிலும், தாவரவியல் தோட்டமான பூமலையிலும், கோயில் வளாகத்திலும் பாறையை உடைக்கக் கூடாது, உடைக்க அவசியமும் இல்லை. புதிதாக உடைந்த கல் வேண்டுமா? வன்பொருள் கடைக்குப் போய் முக்கால் அங்குலக் கல் ஒரு கைப்பிடி கேளுங்கள். கிரஷரில் நொறுங்கிய கல்லில் எல்லாப் பக்கமும் புதுத் தளம். எங்கள் தாமான் பக்கத்துக் கடைத் தவுக்கே காசு வாங்கவில்லை. கண் கவசம் மட்டும் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டேன்.

இனி 24 மாதிரிகள். அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், திருப்பிப் பார்க்க வழியில்லை. வெயிலில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்? கிரானைட் துண்டை உருட்டி மெருகேற்றி வேறு வைத்திருக்கிறார்கள். உடைந்த தளமே இல்லாமல் அதில் எதைப் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் மேலே, எந்தக் கல்லுக்கும் ஊர் இல்லை. "பசால்ட்", "மணற்கல்", "ஷிஸ்ட்" என்று பெயர் மட்டும். எந்த மலையில் எடுத்தது, பக்கத்தில் என்ன இருந்தது, மேலே என்ன, கீழே என்ன, எதுவும் இல்லை. புவியியலில் கல்லின் கதை அது கிடந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இடம் தெரியாத கல்லை வைத்துப் பெயர் சொல்லிப் பழகலாம், அதற்கு மேல் ஒன்றும் கற்க முடியாது. கால்சைட் துண்டும் படிகக்கல்லும் நியாயமான தரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால்சைட்டில் சாய்சதுரமாக உடையும் தளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நுரைக்கல்லையும் பிள்ளைகளிடம் கொடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டலாம்.

கையேடு 16 பக்கம், ஆங்கிலத்தில். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று பள்ளிப் புத்தகத்தில் இருப்பதைத் தாண்டி எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக மலேசியப் புவியியல் கழகத்தின் வெளியீடுகளை அவர்கள் இணையத்தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான், சுலபமாக இருக்காது, ஆனால் நம் ஊர் மலையின் பெயர் போட்டு எழுதியிருக்கும். ஈப்போ பக்கம் போகிறவர்கள் அங்கிருக்கும் புவியியல் அரும்பொருளகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். கனிமப் புவி அறிவியல் துறை நடத்துவது.

சரி, லென்ஸை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம்?

தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பாறைகளிடம் முதலில் போங்கள். காட்டுக்குள் இருக்கும் பாறை மேல் பாசியும் கறையும் படிந்திருக்கும். கடலோரப் பாறையை அலை தேய்த்துச் சுத்தமாக வைத்திருக்கும், அலை ஏறும் மட்டத்துக்குச் சற்று மேலே லென்ஸ் வையுங்கள். அங்கே கிடக்கும் பெரிய உருண்டைப் பாறைகளைப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து உருண்டு வந்தவை என்றுதான் வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். சில அப்படியும் வந்திருக்கலாம். பல பாறைகள் நின்ற இடத்திலேயே உருண்டையானவை. கிரானைட் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கும். ஒரு கட்டத்தின் தட்டைப் பக்கத்தைத் தண்ணீர் ஒரு திசையிலிருந்து தாக்கினால், மூலையை மூன்று திசையிலிருந்து தாக்கும். மூலைகள் முதலில் போய்விடும், நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனதும் அந்த நடுக்கல்தான் நமக்குத் தெரிகிறது.

அந்த மண் எப்படி வருகிறது என்பதைத் தண்ணீர்மலைப் பக்கம் பார்க்கலாம். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசக் கூட்டத்தில் யாருக்கும் பக்கவாட்டில் பார்க்க நேரம் இருக்காது. வேறு ஒரு சாதாரண நாளில், சாமி கும்பிட்டுவிட்டு நிதானமாக இறங்குங்கள். அந்த மலைப்பக்கத்தில் வெட்டுப்பட்ட சரிவு எங்கே தெரிந்தாலும் சிவந்த மண்ணைக் கொஞ்சம் கையில் எடுத்து லென்ஸில் பாருங்கள். குவார்ட்ஸ் மணிகள் கூர்மை குறையாமல் அப்படியே இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் வெள்ளையாக, விரலால் நசுக்கினால் மாவாகும் களிமண். காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் லேசான அமிலம். அது ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றுகிறது, குவார்ட்ஸை ஒன்றும் செய்ய முடிவதில்லை. மைக்காவில் இருந்த இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. கல்லின் அமைப்பு, வெடிப்புக் கோடுகூட அப்படியே தெரியும், ஆனால் விரல் உள்ளே போகும்.

இது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் பெருமழை பெய்தபோதும் தீவில் பல இடத்தில் மண் சரிந்தது. மலையடிவாரத்தில் வீடு வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வீட்டுக்குப் பின்னால் நிற்பது உறுதியான கல்லா, கல்லின் உருவத்தில் நிற்கும் மண்ணா என்று பார்க்கத் தெரிந்திருந்தால், பொறியாளரிடம் சரியான கேள்வியாவது கேட்கலாம்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பூமலை. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் தோட்டமாக மாற்றுவதற்கு முன்னால் அது ஒரு கல் குவாரி இருந்த இடம். எனக்கு அந்த இடத்தின் மேல் தனிப் பிரியம். அங்கே ஓடையின் மணலைக் கைப்பிடி அள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். மலையில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்துபோக, எஞ்சியது மணலாகி இறங்கியிருக்கிறது. சரிவில் பார்த்ததன் மறுபாதி இங்கே.

இந்தக் கிரானைட்டின் வயது 20 கோடி ஆண்டு அளவில். பேலியோ டெதிஸ் என்ற பழைய கடல் மூடி, இரண்டு நிலத்துண்டுகள் மோதியபோது பூமிக்குள் பாறை உருகியது. பகாங் மாநிலத்தில் உள்ள பெந்தோங், ரவுப் வழியாக அந்த மோதலின் தழும்பு தீபகற்பத்தில் ஓடுகிறது. உருகியது பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்தன. தித்திவங்சா மலைத்தொடரும் பினாங்கும் அதே கிரானைட் குடும்பம். அந்தக் குடும்பத்தோடு வந்ததுதான் ஈயக்கல்லும், அதாவது வெள்ளீயத் தாது. காசிட்டரைட் என்ற அந்தத் தாதுவின் அடர்த்தி 7க்குப் பக்கம், குவார்ட்ஸுக்கு 2.65. அதனால்தான் மணல் அலசும் டூலாங் தட்டில் போட்டுச் சுழற்றினால் மணல் போய்விடும், ஈயக்கல் தங்கிவிடும். டத்தோ கெராமாட்டிலும் பட்டர்வொர்த்திலும் ஈய உருக்காலைகள் எழுந்ததற்கும், கிந்தா பள்ளத்தாக்கில் அத்தனை பேர் வந்து குவிந்ததற்கும் காரணம், நான் லோரியில் ஏற்றிய கல்லின் உறவுக்காரர்கள். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

லென்ஸின் எல்லையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு அம்மி இருக்கிறது. பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தபோது கூடவே வந்தது. லென்ஸை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா கேட்டார்.

"ஏன்டா, அம்மியில என்னத்தப் பாக்கற?"

"இது நம்ம ஊரு கல்லு இல்லம்மா. பாருங்க, பச்சை கலந்த கருப்பு. எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கு."

"எண்ணெய் தடவித்தான்டா வச்சிருக்கேன்."

சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அந்த மினுக்கு போகவில்லை. தமிழ்நாட்டில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் சார்னோக்கைட் பாறைக்கு அந்த நிறமும் பளபளப்பும் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் அந்தப் பாறைதான், அவர் பெயரையே 1890களில் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பாறைக்கு வைத்தார். எங்கள் அம்மி அதுதானா என்று லென்ஸை வைத்து அறுதியிட முடியாது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கல்லைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அம்மா அதற்கு விடமாட்டார். ஆனால் குவாரிக் கல்லையும் அம்மியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வகையில்லை என்று லென்ஸ் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறது. 70 வெள்ளிப் பொருளுக்கு இது போதாதா?

பராமரிப்பு ஒன்றுதான், ஈரம். நம் வெப்பத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் உறையை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள், கண்ணாடியை மணலோடு துடைக்காதீர்கள், முதலில் ஊதிவிடுங்கள். உறையில் உள்ள சின்ன ஓட்டையில் தடித்த கயிறு ஒன்றைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பளிச்சென்ற நிறக் கயிறாக இருக்கட்டும். காட்டுத் தரையில் விழுந்த வெள்ளி நிற உறையைத் தேடுவது பெரும்பாடு.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதே லென்ஸ்தான், ஆனால் அங்கே அடியில் சுண்ணாம்புக்கல்லும் இருப்பதால் ஒரு சின்னப் புட்டி வினிகரும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் துண்டைத் தூளாக்கி அதன் மேல் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். பத்துமலையின் குகைச் சுவரிலோ கோயில் படிக்கட்டிலோ அதைச் செய்யாதீர்கள். பினாங்கில் அதே சோதனைக்குக் கடற்கரைச் சிப்பி இருக்கிறது.

பெட்டிக்கு ஐந்தில் இரண்டு, லென்ஸுக்கு ஐந்தில் ஐந்து. லென்ஸ் கையில் வந்ததும், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், பள்ளி அடிக்கோலின் மில்லிமீட்டர் கோடுகளை அதில் பாருங்கள். கோடுகள் ஓரம் வரை நேராக இருக்க வேண்டும், கருப்புக் கோட்டின் பக்கத்தில் நிறம் கசியக் கூடாது, கோடுகள் 25 மில்லிமீட்டர் தூரத்தில் தெளிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், உறையில் டிரிப்லெட் என்று எழுதியிருந்தாலும் சரி, திருப்பி அனுப்பிவிட்டு வேறு கடையில் வாங்குங்கள்.